வாரநாள் மெழுகுதிரிகள்

திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு வந்தால் அந்த வாக்கியமும் கூடவே வந்துவிடும்: உங்கள் உள்ளத்தைக் குடிலாக்குங்கள். பீடத்தருகே பச்சை இலை சுற்றிய வளையத்தில் நான்கு மெழுகுதிரிகள் நிற்கும். பங்குத்தந்தை ஊதா நிறத் திருவுடை அணிந்திருப்பார். ‘உன்னதங்களிலே’ பாடாமலே திருப்பலி நகரும். பிறகு மறையுரை. வெளியே கடைவீதியில் ஆரவாரம், கேக், ஸ்டார், தள்ளுபடி விளம்பரம். இதுவா திருவருகைக் காலம்? அமைதியும் செபமும் பொறுமையும் நல்ல பாவசங்கீர்த்தனமும்தான் ஆயத்தம், நாம் காத்திருக்கும் மக்கள், காத்திருக்கக் கற்றுக்கொள்வோம். ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகளாக இதைக் கேட்டு வருகிறேன். சி.எஸ்.ஐ. கோயில்களிலும் லுத்தரன் கோயில்களிலும் சொற்கள் கொஞ்சம் மாறும். கருத்து இதுதான்.

சொல்பவர்கள் நல்லவர்கள். நெஞ்சாரச் சொல்கிறார்கள். ஆனாலும் இந்தக் கருத்து தவறு. பாதி சரி, பாதி தவறு என்று மழுப்ப எனக்கு விருப்பமில்லை. திருவருகைக் காலத்தை உள்ளத்துக்குள் பூட்டி வைத்ததால்தான் அது ஆண்டுதோறும் வந்து, நம் அன்றாட வாழ்க்கையில் ஒரு துரும்பையும் அசைக்காமல் போய்விடுகிறது. அதைவிடப் பெரிய பிழை ‘நாம் காத்திருக்கும் மக்கள்’ என்பதில் இருக்கிறது. கோயிலில் விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் நம்மில் பெரும்பாலோர் எதற்காகக் காத்திருக்கிறோம்? சம்பளம் மாதம் பிறந்ததும் வங்கிக் கணக்கில் ஏறிவிடுகிறது. பலகாரத்துக்கு மாவு இடித்தாயிற்று. பிள்ளைகளுக்குத் துணி எடுத்தாயிற்று. நாம் காத்திருப்பவர்கள் இல்லை. காக்க வைப்பவர்கள்.

என் அம்மா தூத்துக்குடியில் வீட்டு முன்னறையில் மிஷின் போட்டுத் தையல் தைத்தவர். டிசம்பர் அவருக்குத் தூக்கமில்லாத மாதம். தெருவில் பாதிப் பேருக்கு ஜாக்கெட்டும் பிள்ளைகளின் கவுனும் அவர் கையில்தான் உருவாகும். 24-ஆம் தேதி இருட்டும்வரை ஆள் வந்துகொண்டே இருப்பார்கள். துணியை உதறிப் பார்த்து, மடித்து வாங்கிக்கொண்டு, “பண்டியல் முடியட்டும்க்கா, தாரேன்” என்று கிளம்பிவிடுவார்கள். பெயரையும் பாக்கியையும் அம்மா ஒரு நாற்பது பக்க நோட்டில் குறித்து வைப்பார். அந்த நோட்டோடு வீடு வீடாகப் போய் நிற்பது என் வேலை. “அம்மா கேட்டுட்டு வரச் சொன்னாவ.” வாசலில் நிற்கும்போது உள்ளேயிருந்து முந்திரிக்கொத்து வேகும் வாசனை வரும். நாளைக்கு வா என்பார்கள். நாளை கிறிஸ்துமஸ். கிறிஸ்துமஸ் அன்று யார் வீட்டு வாசலிலும் பாக்கி கேட்டு நிற்கக் கூடாது என்பது எட்டு வயதுப் பையனுக்கும் தெரியும். அப்படியே அது புத்தாண்டுக்குப் போகும், பொங்கலுக்குப் போகும், சில பாக்கிகள் தவக்காலம் வரைக்கும் போகும்.

அந்த நாட்களில் ஒரு ஞாயிறு, மறையுரை பொறுமையைப் பற்றி. அம்மா பெண்கள் பக்கத்தில் தூணோரமாக உட்கார்ந்திருந்தார். பாக்கி வைத்திருந்த மூன்று பேர் அவருக்கு முன்வரிசைகளில் இருந்தார்கள். பொறுமை என்ற ஒரே சொல் எல்லார் காதிலும் விழுந்தது. அம்மாவுக்கு அது கூடுதல் சுமை. அவர்களுக்குக் கூடுதல் தவணை.

அன்று வாசிக்கப்பட்டது யாக்கோபின் திருமுகம் என்று பெரியவனான பிறகு கண்டுகொண்டேன். ஞாயிறு வாசகங்களின் மூன்றாண்டுச் சுழற்சியில் முதலாம் ஆண்டில், திருவருகைக் கால மூன்றாம் ஞாயிறன்று, அதன் ஐந்தாம் அதிகாரத்தில் 7 முதல் 10 வரையான வசனங்கள் வரும். பயிரிடுகிறவர் முன்மாரிக்கும் பின்மாரிக்கும் காத்திருப்பதுபோல ஆண்டவரின் வருகைக்காக நீங்களும் பொறுத்திருங்கள் என்பது சாரம். வானம் பார்த்த பூமியில் பிறந்த நமக்கு நெஞ்சில் நேராக இறங்கும் உவமை. ஆனால் கிரேக்க மூலத்தில், அந்த ஏழாம் வசனத்தில், ‘ஆகையால்’ என்று பொருள் தரும் ஒரு சிறு சொல் இருக்கிறது. ஆகையால் பொறுத்திருங்கள். எதனால்?

விடை மூன்று வசனம் மேலே இருக்கிறது. வயலை அறுத்தவர்களுக்குக் கொடுக்காமல் பிடித்து வைத்த கூலி கூக்குரலிடுகிறது, அறுவடை செய்தவர்களின் அந்தக் குரல் ஆண்டவரின் காதுக்கு எட்டிவிட்டது என்கிறார் யாக்கோபு. முதல் ஆறு வசனங்களும் செல்வரை நோக்கியவை. அவர்களை அலறி அழச் சொல்கிறார். அதன் பிறகே கூலி கிடைக்காதவர்கள் பக்கம் திரும்புகிறார்: உங்கள் வழக்கு கேட்கப்பட்டுவிட்டது, நீதிபதி வாசலுக்கே வந்துவிட்டார், அதனால் மனம் தளராதீர்கள். அந்தப் பொறுமை அவர்களுக்கு உரியது, அவர்களுக்குத் தெம்பு தருவதற்காகச் சொன்னது. கூலியைப் பிடித்து வைத்தவனிடம் யாக்கோபு பொறுமையைப் பற்றிப் பேசவே இல்லை.

நம் வாசகம் ஏழாம் வசனத்தில் தொடங்குவதால் ‘ஆகையால்’ அந்தரத்தில் தொங்குகிறது. வாசகங்களைப் பகுத்தவர்கள் எதையோ மறைத்தார்கள் என்று குற்றம் சாட்டவில்லை. அந்த ஆறு வசனங்களும் சுழற்சியின் இரண்டாம் ஆண்டில், பொதுக்காலத்தின் 26-ஆம் ஞாயிறன்று வாசிக்கப்படவே செய்கின்றன. ஆனால் செப்டம்பர் வாக்கில் கேட்ட கூலியையும் டிசம்பரில் கேட்ட பொறுமையையும் ஒட்டுப்போட்டுத் தைத்த ஒரு மறையுரையை இதுவரை நான் கேட்டதில்லை.

முதல் ஞாயிறுக்கும் இதே கதிதான். அதே முதலாம் ஆண்டில் மத்தேயு 24-ஆம் அதிகாரம், 37 முதல் 44 வரை வாசிப்பார்கள். நோவாவின் காலம், திருடன் வரும் நேரம், விழிப்பாயிருங்கள். வாசகம் அங்கே முடிய, விழிப்பு என்றால் செபம் என்று மறையுரை விளக்கும். வீட்டில் விவிலியத்தைத் திறந்து அடுத்த வசனத்தை, 45-ஐப் படித்துப் பாருங்கள். விழிப்பு என்றால் என்னவென்று இயேசுவே சொல்கிறார். வீட்டுத் தலைவர் ஒரு பணியாளரிடம் மற்ற வேலையாட்களுக்கு வேளாவேளைக்கு உணவு கொடுக்கும் பொறுப்பை ஒப்படைக்கிறார். தலைவர் வந்து பார்க்கும்போது யார் அந்த வேலையைச் செய்துகொண்டிருக்கிறாரோ அவரே பேறுபெற்றவர். தலைவர் வரத்தான் நாளாகுமே என்று எண்ணி உடன்வேலையாட்களை அடிப்பவன் கெட்ட பணியாளன். ஆண்டவரின் வருகைக்குக் காத்திருப்பதற்கு ஆண்டவர் வைத்த அளவுகோல் ‘வேளாவேளைக்கு’ என்பது. சோறு தருவது மட்டும் போதாது. வேளை தவறாமல் தர வேண்டும்.

இவற்றையெல்லாம்விட வெளிப்படையான இடம் திருமுழுக்கு யோவானுடையது. மூன்றாம் ஆண்டின் மகிழ்ச்சி ஞாயிறு, ரோஸ் நிறத் திருவுடை அணியும் நாள், லூக்கா மூன்றாம் அதிகாரம். திருவருகைக் காலத்தில் ஒரு மனிதன் கேட்கத் தகுந்த கேள்வியை மக்கள் யோவானிடம் கேட்கிறார்கள்: நாங்கள் என்ன செய்ய வேண்டும்? கூட்டத்துக்கு அவர் சொல்வது, இரண்டு அங்கி வைத்திருப்பவர் இல்லாதவரோடு பகிர்ந்துகொள்ளட்டும், உணவிலும் அப்படியே. வரி தண்டுவோருக்கு, குறித்த அளவுக்கு மேல் வாங்காதீர்கள். படைவீரருக்கு, யாரையும் மிரட்டிப் பணம் பறிக்காதீர்கள், பொய்க் குற்றம் சாட்டாதீர்கள், சம்பளம் போதும் என்றிருங்கள்.

சொல்பவர் யார் என்று பாருங்கள். வெட்டுக்கிளியும் காட்டுத்தேனும் தின்று பாலைநிலத்தில் வாழ்பவர். அவர் அவர்களை நோன்பிருக்கச் சொல்லவில்லை. தன்னோடு பாலைநிலத்திலேயே தங்கிவிடச் சொல்லவில்லை. வேலையை விடச் சொல்லவும் இல்லை. சுங்கச் சாவடிக்காரன் நாளைக் காலை அதே சாவடிக்குத்தான் போவான், அதே மேசையில்தான் உட்கார்வான். கை மட்டும் வேறு மாதிரி நடந்துகொள்ள வேண்டும். துணி, சோறு, பணம்: மூன்று பதில்களிலும் இவைதாம் இருக்கின்றன. உள்ளம் என்ற சொல்லை யோவான் அவற்றில் எடுக்கவே இல்லை. இன்னொன்றும் உண்டு. ஒவ்வொரு தொழில்காரருக்கும் அவர் தந்தது தனித்தனிப் பதில். அவரவர் தொழிலில் எந்த இடத்தில் கை அழுக்காகிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. இன்று தாமிரபரணிக் கரையில் அவர் நின்றால் மீன் ஏலம் விடுபவருக்கு ஒரு பதிலும், பள்ளித் தாளாளருக்கு ஒரு பதிலும், பத்திரப் பதிவுக்கு வருகிறவரிடம் கூடுதலாகக் கேட்பவருக்கு ஒரு பதிலும், வாடகை வீட்டு அட்வான்ஸைத் திருப்பித் தராமல் இழுத்தடிப்பவருக்கு ஒரு பதிலும் இருந்திருக்கும். நாமோ அத்தனை பேருக்கும் சேர்த்து உள்ளம் என்ற ஒரே பதிலைத் தருகிறோம். யாருக்கும் வலிக்காமல் எல்லாரும் வீட்டுக்குப் போக முடிகிறது.

எனக்கும் பல ஆண்டுகள் வலிக்கவில்லை. எங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மா ஒரு டிசம்பர் எட்டாம் தேதி, சம்பளத்தில் பாதியை முன்கூட்டித் தர முடியுமா என்று கேட்டார். அவர் கணவர் உப்பளத் தொழிலாளி. ஒண்ணாம் தேதி சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன். பணம் இல்லாமல் இல்லை. ஒண்ணாம் தேதி என்பது என் பழக்கம், அவ்வளவுதான். வடகிழக்குப் பருவமழை இறங்கினால் தூத்துக்குடி உப்பளங்களில் வேலை நின்றுவிடும், அக்டோபரிலிருந்து ஆண்டுக் கடைசிவரை அந்த வீடுகளில் வருமானம் இருக்காது என்பது இந்த ஊரில் பிறந்த எனக்குத் தெரியாததில்லை. அதற்காகவே அரசு அந்தத் தொழிலாளர்களுக்கு மழைக்கால உதவியாக 5,000 ரூபாய் தருகிறது. திருவருகைக் காலம் முழுவதும் உப்பளக் குடும்பங்களின் வறண்ட மாதங்களுக்குள்தான் விழுகிறது. அரசின் கோப்பில் ஏறிய அந்தக் காலக்கணக்கு என் செபத்தில் ஏறவில்லை. அன்று மாலை நான் திருவருகைக் காலத் தியானத்துக்குப் போய் முழு நேரமும் கண்மூடி உட்கார்ந்திருந்தேன்.

கூலியாளின் கூலி விடியும்வரை உன்னிடம் தங்கக் கூடாது என்று லேவியர் நூலில் (19:13) இருக்கிறது. இணைச்சட்டம் (24:15) இன்னும் கடுமையானது: அன்றன்றைய கூலியைப் பொழுது சாயுமுன் கொடு, ஏனென்றால் அவன் ஏழை, அவன் உயிரையே அதன்மேல் வைத்திருக்கிறான். திருவருகைக் காலத்தில் உள்ளத்தைப் பற்றித்தான் பேசியாக வேண்டும் என்றால் இந்த உள்ளத்தைப் பற்றிப் பேசலாமே. கூலிக்காக ஏங்கி நிற்கும் மனிதனின் உள்ளம் விவிலியத்தில் இருக்கிறது. அதைத் தாண்டிப் போய் நம்முடைய உள்ளத்தைத் துடைத்துக்கொண்டிருக்கிறோம்.

பீடத்தருகே நிற்கும் அந்த மெழுகுதிரி வளையத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1833-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகருக்கு வெளியே, சேரிகளில் கைவிடப்பட்ட பிள்ளைகளுக்காக யோஹான் ஹின்ரிஷ் விஷெர்ன் என்ற லுத்தரன் இறைப்பணியாளர் ஒரு இல்லம் தொடங்கினார். ‘ரௌஹெஸ் ஹவுஸ்’ என்று பெயர். டிசம்பர் வந்தால் பிள்ளைகள் கிறிஸ்துமஸுக்கு எத்தனை நாள், எத்தனை நாள் என்று கேட்டுக்கொண்டே இருப்பார்களாம். 1839-இல் அவர் ஒரு மரச் சக்கரத்தைக் கூடத்தில் தொங்கவிட்டு அதில் நான்கு பெரிய வெள்ளை மெழுகுதிரிகளையும் இருபது அளவில் சின்னச் சிவப்புத் திரிகளையும் பொருத்தினார். பெரியவை ஞாயிறுகளுக்கு. சின்னவை வாரநாட்களுக்கு. நாளுக்கு ஒன்று கூடும். காத்திருந்து களைத்த பிள்ளைகளுக்கு அவர் பொறுமையைப் பற்றிப் பாடம் எடுக்கவில்லை. ஒவ்வொரு நாள் மாலையும் ஒரு சுடரைக் கையில் கொடுத்தார். திங்கள்கிழமைக்கும் ஒன்று, வியாழக்கிழமைக்கும் ஒன்று.

அந்தச் சக்கரம் நாடு கடந்து, சபை கடந்து, நம் கோயில்களுக்கும் வந்து சேர்ந்தது. வழியில் சின்னத் திரிகள் எல்லாம் உதிர்ந்துவிட்டன. ஞாயிற்றுக்கிழமைத் திரிகள் நான்கு மட்டும் மிச்சம். இடப் பற்றாக்குறையால் நடந்ததாக இருக்கலாம். என்றாலும் அந்த வளையத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த இருபது சின்னத் திரிகள்தாம் கண்ணில் நிற்கின்றன. பாக்கி கேட்டு ஆள் வருவது திங்கள்கிழமை. வாடகைக்காரர் தயங்கித் தயங்கிப் பேசுவது புதன்கிழமை. மருமகள் அம்மா வீட்டுக்குப் போய் வரட்டுமா என்று கேட்பது வெள்ளிக்கிழமை. அந்த நாட்களுக்கான விளக்கு நம்மிடம் இல்லை.

இதை நான் சொல்லும்போது வரும் மறுப்புகள் எனக்குப் பழக்கம். இது சமூக சேவை, ஆன்மிகம் வேறு என்பார்கள். சேவை என்றால் நான் கொடுக்க நினைத்தபோது கொடுப்பது. டிசம்பரில் முதியோர் இல்லத்துக்குக் கேக் கொண்டுபோகிறோம், போர்வை கொடுக்கிறோம், அதைக் குறை சொல்ல மாட்டேன். நான் பேசுவது கடனைப் பற்றி. கொடுப்பவரின் வசதிக்கு நடப்பது தர்மம். வாங்குபவரின் தேவைக்கு நடக்க வேண்டியது கடன். தமிழில் கடன் என்ற சொல்லுக்குக் கடமை என்றும் பொருள் இருப்பது இந்த இடத்தில் எனக்கு உதவுகிறது. போர்வை கொடுத்துவிட்டுத் தையல்காரிக்குப் பாக்கி வைப்பவர் தர்மவான் ஆகலாம், யோவான் சொன்னபடி செய்தவர் ஆக மாட்டார்.

செயல்களால் மீட்பு இல்லை, இறையருளால்தான் என்று சி.எஸ்.ஐ. நண்பர் ஒருவர் என்னைத் திருத்தப் பார்த்தார். உண்மைதான். வேலை செய்தவருக்குச் சம்பளம் கொடுப்பதால் யாரும் விண்ணகத்தைச் சம்பாதித்துவிட முடியாது. விண்ணகம் போக வழி தேடியா பாக்கியைத் தீர்க்கிறோம்? அது அவருடைய பணம் என்பதால் தீர்க்கிறோம்.

கனமான மறுப்பு மூன்றாவது: உள்ளம் மாறினால் கை தானே மாறும், முதலில் உள்ளத்தைச் சீர்செய். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஐம்பது திருவருகைக் காலங்கள் என் உள்ளத்தை ஆயத்தம் செய்த பிறகும் ‘ஒண்ணாம் தேதி’ என்ற சொல் என் வாயில் அப்படியே இருந்தது. மாறியது எப்போது? எங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மா கேட்குமுன் கொடுத்துவிடுவது என்று ஒரு நவம்பரில் முடிவு செய்து, வெறும் ஒழுங்காக அதைக் கடைப்பிடித்தபோது. அதன்பிறகே அவர் வீட்டில் எத்தனை பேர், மழைக்கு எந்தச் சுவர் ஒழுகுகிறது என்பதெல்லாம் என் செபத்துக்குள் வந்தன. கை முன்னால் போனது, உள்ளம் பின்னால் வந்தது. அமைதி வேண்டாம், செபம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விடிகாலையில் செபமாலை சொல்கிறவன்தான் நானும். நான் யாரையெல்லாம் காக்க வைத்திருக்கிறேன் என்று அவர்கள் பெயர் ஒவ்வொன்றாக மேலே வருவதற்குத்தான் அமைதி தேவைப்படுகிறது. பெயர் வந்த பிறகும் எழுந்திருக்காவிட்டால் அந்த அமைதியால் யாருக்குப் பயன்? வானதூதர் வந்து போன பிறகு மரியா வீட்டுக்குள் கண்மூடி உட்கார்ந்திருக்கவில்லை. முதிய வயதில் ஆறாம் மாதக் கர்ப்பிணியாக இருந்த எலிசபெத்தைத் தேடி மலைநாட்டுக்கு விரைந்து போனார், மூன்று மாத அளவு உடனிருந்தார்.

கடைவீதியைத் திட்டுவதையும் இனி விட்டுவிடலாம். பாதையோரத்தில் ஸ்டார் விற்பவருக்கு ஆண்டில் வியாபாரம் உள்ள நாட்கள் இவைதாம். மாதம் மாதம் கிறிஸ்துமஸ் ஃபண்டில் கட்டிச் சேர்த்த பணத்தில் பிள்ளைக்கு ஒரு கவுன் எடுக்கும் தாயின் மகிழ்ச்சியில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. திருவருகைக் காலத்துக்கு எதிரி அங்கே இல்லை.

நம் திருச்சபையின் வாசலுக்குள்ளும் இதே கேள்வி நிற்கிறது. விடியுமுன் கோயிலைத் திறந்து, பெருக்கி, அந்த நான்கு திரிகளையும் ஏற்றி அணைக்கும் கோயில்பிள்ளையின் சம்பளம் கடைசியாக எப்போது உயர்ந்தது என்று பங்குப் பேரவையில் யாராவது கேட்டால் அறையில் அமைதி நிலவும். கிறிஸ்தவப் பள்ளிகளில் நிர்வாகம் தரும் சொற்பத் தொகைக்கு ஆண்டுக்கணக்கில் பாடம் நடத்திக்கொண்டு, நிரந்தரம் ஆகும் ஆகும் என்று காத்திருக்கும் ஆசிரியைகள் இருக்கிறார்கள். அவர்களிடம் நாம் அர்ப்பணிப்பைப் பற்றிப் பேசுகிறோம்.

இன்னும் ஆழமான காத்திருப்பு ஒன்று. 1950 ஆகஸ்ட் 10 அன்று வந்த குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதியினருக்கான உரிமையை மத எல்லைக்குள் வைத்தது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். தலித் கிறிஸ்தவர்கள் இன்னும் வெளியே நிற்கிறார்கள். ஆகஸ்ட் 10-ஐக் கறுப்பு நாளாக அனுசரித்து, எழுபது ஆண்டு கடந்தும் இன்னுமா என்று அரசைக் கேட்கிறோம். நியாயமான கேள்வி, நானும் அந்தப் பேரணியில் நடந்திருக்கிறேன். அங்கே ஒருவரும் பொறுமை என்ற சொல்லை எடுப்பதில்லை. ஆனால் அதே தலித் கிறிஸ்தவர் தன் ஊரில், கல்லறைத் தோட்டத்தில் எங்களுக்கு ஏன் தனி மூலை, திருவிழாத் தேர் எங்கள் தெருவுக்குள் ஏன் வருவதில்லை என்று கேட்டால், மனங்கள் மாற வேண்டும், கொஞ்சம் பொறுங்கள் என்கிறோம். அரசு உடனே மாற வேண்டும், நாம் மெதுவாக மாறலாம். உள்ளத்தைக் குடிலாக்கும் ஆன்மிகம் கடைசியில் யாருக்குத் துணைபோகிறது என்பதை அந்தக் கல்லறைச் சுவரில் பார்க்கலாம்.

காத்திருப்பின் மேன்மைக்குச் சான்றாகப் பலரும் ஜெர்மானிய லுத்தரன் இறையியலாளர் டீட்ரிச் போன்ஹோஃபரை எடுப்பார்கள். ஹிட்லர் அரசு 1943 ஏப்ரலில் அவரைச் சிறைப்பிடித்தது. அந்த நவம்பரில், பெர்லின் டேகல் சிறையிலிருந்து நண்பருக்கு எழுதிய கடிதத்தில், சிறை அறை திருவருகைக் காலத்துக்கு நல்ல உவமை என்கிறார்: கதவு வெளியிலிருந்துதான் திறக்கும். அடுத்த ஆண்டு டிசம்பரில் அதே சிறையில் இயேசு சபைக் குரு ஆல்ஃபிரட் டெல்ப் விலங்கிட்ட கைகளால் திருவருகைக் காலச் சிந்தனைகளை எழுதினார். 1945 பிப்ரவரி 2 அன்று அவரைத் தூக்கிலிட்டார்கள். ஏப்ரலில் போன்ஹோஃபரையும். அவர்கள் காத்திருந்தார்கள். அந்தச் சொல்லுக்கு முழு உரிமை அவர்களுக்கு உண்டு. வெளியிலிருந்து திறப்பவர் இறைவன் என்ற பொருளில்தான் போன்ஹோஃபர் எழுதினார், அதை நான் மாற்றவில்லை. ஆனால் அந்த உவமையை வாசிக்கும் நாம் எங்கே நிற்கிறோம்? அறைக்குள் இல்லை. கதவுக்கு வெளியே, தாழ்ப்பாளுக்குக் கை எட்டும் தூரத்தில் நிற்கிறோம். உள்ளே இருப்பவரின் வரிகளை வெளியே நின்று உருகிப் படித்துவிட்டுக் கதவைத் தொடாமல் போவது எப்படிச் சரியாகும்?

2023 டிசம்பர் 17, திருவருகைக் காலத்தின் மூன்றாம் ஞாயிறு. உங்களிடையே ஒருவர் நிற்கிறார், அவரை நீங்கள் அறியவில்லை என்று திருமுழுக்கு யோவான் சொல்லும் பகுதி அன்றைய நற்செய்தி. தூத்துக்குடி, நெல்லை மாவட்டங்களில் அன்று பிடித்த மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் பதிவானது. அன்றிரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றது. தண்டவாளத்துக்கு அடியில் இருந்த மண்ணை வெள்ளம் அரித்திருந்தது. சுமார் 800 பயணிகள், சுற்றிலும் தண்ணீர். பக்கத்திலிருந்த புதுக்குடி மக்கள் தங்கள் வீடுகளையே வெள்ளம் சூழ்ந்திருந்த நிலையில், இருந்த அரிசியைக் கூட்டிச் சமைத்து அந்த அந்நியர்களுக்குக் கொண்டுவந்து கொடுத்தார்கள். வெள்ளம் வடியட்டும் என்று அவர்கள் சொல்லவில்லை. அவர்கள் கையில் ஊதா நிறமும் இல்லை, மெழுகுதிரி வளையமும் இல்லை. மத்தேயுவின் 45-ஆம் வசனம் அந்த நாட்களில் ஸ்ரீவைகுண்டத்தில் நடந்தது.

அம்மா இறந்த பிறகு அவர் பெட்டியில் அந்த நோட்டுகளில் நான்கைந்து கிடைத்தன. பெயர்கள், ஜாக்கெட் இரண்டு, கவுன் ஒன்று, பாக்கி இவ்வளவு. சில வரிகளின் மேல் கோடு போட்டு அடித்திருந்தார், பல வரிகள் அடிபடாமலே இருந்தன. நான் தேடியது எங்கள் தெருக்கோடி வீட்டுப் பெரியம்மாவின் பெயரை. மீன் விற்றுப் பிழைத்தவர், பேரப் பிள்ளைகள் மூன்று பேரை வளர்த்தவர். டிசம்பர் முதல் வாரத்திலேயே துணியோடு வந்துவிடுவார். “நூலு வாங்கணும்லா தாயி” என்று சொல்லித் துணியின் மடிப்புக்குள் வைத்து முழுக் கூலியையும் கொடுத்துவிட்டுப் போவார். அந்தப் பணத்தில்தான் அம்மா எங்களுக்குத் துணி எடுப்பார் என்பது எனக்குத் தெரியும். எல்லா நோட்டுகளையும் கடைசிப் பக்கம்வரை புரட்டினேன். அவர் பெயர் எதிலும் இல்லை.